நோன்பு மாதமும் தள்ளுபடி மாதமும்



திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆய்ச்சியர் தங்கள் நோன்பின் விதிகளை உலகத்தார் கேட்க அறிவிக்கிறார்கள். பாற்கடலில் பள்ளிகொண்டவனின் திருவடிகளைப் பாடுவோம், வைகறையில் நீராடுவோம், தகுந்தவர்க்கும் இரந்து வந்தவர்க்கும் இயன்ற அளவு கொடுப்போம் என்கிறார்கள். நெய்யையும் பாலையும் விடுவோம், கண்ணுக்கு மையிடோம், கூந்தலுக்குப் பூ முடியோம், முன்னோர் செய்யாதவற்றைச் செய்யோம், பிறர்மேல் கோள் சொல்லோம் என்றும் சொல்லுகிறார்கள். பிராட்டி இவ்வளவையும் ஒரே பாசுரத்தில் அடக்கி அருளிச்செய்திருக்கிறாள்.

இப்பட்டியலில் முதலில் விடப்படுபவை எவை என்று சற்று நின்று பார்க்க வேண்டும். நெய்யும் பாலும் ஆய்ப்பாடியில் காசு கொடுத்து வாங்கும் பண்டங்களல்ல. கொட்டிலில் கறந்து, முற்றத்தில் கடைந்து, அடுப்பில் உருக்கி எடுப்பவை. பூவோ வேலியில் பூத்திருக்கும். மையை வீட்டிலேயே விளக்குப்புகை பிடித்துச் செய்துகொள்வார்கள். ஆகவே இவற்றை விட்டதனால் அவர்களுக்கு ஒரு காசும் மிச்சமாகவில்லை. கண்ணன் வளர்கிற ஊரில் நெய்யும் பாலும் மிஞ்சியிருந்தால்தானே விடுவதற்கு என்று உபந்யாஸங்களில் நயமாகக் கேட்பதுண்டு. அந்த நயம் ஒருபுறம் இருக்கட்டும். செலவில்லாத பொருளை, தடையில்லாத பொருளை, தங்கள் குலத்துக்கே உரிய உணவை ஏன் விட்டார்கள் என்பதே இங்கு நாம் அநுபவிக்கப் புகுந்த விஷயம்.

இதனை இந்த மாதத்தில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மாதங்களுள் தான் மார்கழி என்று பகவான் கீதையின் பத்தாம் அத்யாயத்தில் அருளிச்செய்தான். நம் பெரியோர்கள் அம்மாதத்தை அவனுக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். திருமணம் இல்லை, புதுமனை புகுதல் இல்லை, பெரிய கொடுக்கல் வாங்கலும் இல்லை. இதைக் கண்டு மார்கழி ஆகாத மாதம் என்று சிலர் சொல்லுவது பொருந்தாது. வேறு காரியங்கள் குறுக்கிடாதபடி வேலி கட்டிக் காத்த மாதம் அது. அந்த வேலிக்குள் இன்று என்ன நுழைந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமைக்கு மறுநாள் அமெரிக்காவில் தொடங்கும் தள்ளுபடி விற்பனை கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு என்று நீள்கிறது. இங்கோ ஆண்டிறுதி விற்பனை முடிவதற்குள் பொங்கல் விற்பனை வந்துவிடுகிறது. டொராண்டோவில் இருப்பவரும் திருவல்லிக்கேணியில் இருப்பவரும் நாலரை மணிக்கு எழுந்து ஸேவாகாலத்துக்காகக் கைபேசியைத் திறந்தால், சாற்றுமுறைக்கு முன்பாக மூன்று விற்பனை அறிவிப்புகள் வந்து நிற்கின்றன. ஒரே மாதத்தை இருவர் கேட்கிறார்கள்.

கடைக்காரரை நாம் குறை கூறவில்லை. விற்பது அவர் தொழில். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் புத்தகங்களோடு காலம் கழித்த நமக்கு வணிகத்தின் மேல் வெறுப்பு வருவதற்கு இடமில்லை. ஆயினும் வாங்குபவர் தாம் எதில் கையொப்பமிடுகிறோம் என்று அறியாமல் இடுவதை நெடுங்காலம் கண்டவர்கள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வட்டியில்லா மாதத் தவணை என்று விளம்பரம் வருகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்யும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியில் அது ஒளிந்திருக்கும். அல்லது செயல்முறைக் கட்டணம் என்ற பெயரில் வரும். கடன் கொடுப்பவர் யாரும் தம் பணத்தின் காலத்தை இலவசமாகத் தருவதில்லை.

மற்றொன்று கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை செலுத்துவது. ஒருவர் 60,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினார் என்று கொள்வோம். கெடு நாளில் முழுத்தொகையைக் கட்டாமல் ஐந்து விழுக்காடான 3,000 ரூபாயைக் கட்டி, இம்மாதக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். மாதம் மூன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி 2,100 ரூபாய். அதன்மேல் பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. 378 ரூபாய். ஆகக் கட்டிய மூவாயிரத்தில் அசலுக்குப் போய்ச் சேர்வது வெறும் 522 ரூபாய். அத்துடன் நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லா நாள்கள் கிடையா. டிசம்பரில் மகிழ்ச்சியோடு வாங்கியவர் பிப்ரவரியில் நகைக்கடன் மேசைக்கு எதிரே வந்து அமர்வதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். பெரும்பாலும் தாம் மட்டும் வருவதில்லை. தன் வளையலைக் கழற்றித் தருவதற்காக மனைவியும் உடன் வந்திருப்பாள். அவள் கையில் வளையல் தழும்பு மட்டும் இருக்கும்.

இது கணக்கு. இதைப் புரிந்துகொண்டு செலவைச் சுருக்கினால் கடன் வாராது, குடும்பம் நிம்மதியாக இருக்கும். அது நல்லதே. ஆனால் ஆய்ச்சியர் நெய்யை விட்டது இந்தக் கணக்கினால் அன்று என்று முன்பே பார்த்தோம். சிக்கனமாக வாழ்பவர் எல்லோரும் நோன்பு நோற்பவர் ஆகார். சேமித்த பணத்தை எண்ணி எண்ணி மகிழ்பவர், செலவழித்து மகிழ்பவரைக் காட்டிலும் எந்த வகையில் உயர்ந்தவர்? வங்கிக் கணக்கில் நிற்பதும் அலமாரியில் நிற்பதும் இரண்டும் 'என்னுடையது' என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன.

விடை வேண்டுமானால் இரண்டாம் பாசுரத்தை இருபத்தேழாம் பாசுரத்தோடு சேர்த்து அநுஸந்திக்க வேண்டும். அங்கே விட்டவை யாவும் திரும்பி வருகின்றன. கைவளை, தோள்வளை, தோடு, செவிப்பூ, காலணி என்று ஆபரணங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். போதாதென்று வேறு பல அணிகளும் வேண்டும் என்கிறார்கள். புத்தாடை வேண்டும். பாற்சோறு வேண்டும், அதுவும் சோறு தெரியாதபடி நெய் வார்த்து, அந்த நெய் முழங்கை வழியாக வழியும்படி வேண்டும். இருபத்தைந்து நாள்கள் முன்பு நெய்யே வேண்டாம் என்றவர்கள் இவர்கள்தாமா என்று வியக்கத் தோன்றும்.

இதில் முரண் ஏதுமில்லை. அழகு செய்துகொள்வது கண்டு உகப்பவனுக்காக. அவன் உறங்கிக்கிடக்கையில், அவனோடு கூடாதிருக்கையில், மை எதற்கு, பூ எதற்கு? அவன் எழுந்து, அவனோடு கூடிய பின்பு அதே மையும் பூவும் அவனுக்கு உகப்பாகின்றன. அவனும் நப்பின்னைப் பிராட்டியும் தங்கள் கையாலே பூட்ட இவர்கள் அணிவதாகப் பூர்வாசார்யர்கள் அநுபவிப்பார்கள். பாற்சோற்றையும் தனியே உண்ணக் கேட்கவில்லை. எல்லோரும் கூடியிருந்து குளிர வேண்டும் என்பதே விண்ணப்பம். உண்ணாமையும் உண்பதும் ஒரே ஸ்வரூபத்தின் இரண்டு நிலைகள். அவனை ஒழிந்த போகத்தில் இவர்களுக்கு ருசி இல்லை, அவ்வளவே. பாரதந்த்ர்யம் என்று நாம் ஏட்டில் படிப்பதை இந்த இடைப்பெண்கள் சமையலறையிலும் கண்ணாடி முன்னும் நடத்திக் காட்டினார்கள்.

ஆகவே எளிமை என்பது பொருளைப் பழிப்பதன்று. நம் ஸம்ப்ரதாயம் உலகம் பொய் என்று சொல்லுவதன்று. நெய்யும் பொன்னும் மெய்யே, அவனுக்குச் சரீரமே. அவற்றைத் தனியே நமக்கென்று பிரித்தெடுப்பதுதான் தகாது. கடைவீதியின் அழைப்பை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் அதன் மாற்று உடனே தெரிந்துவிடுகிறது. 'உமக்கு நீரே பரிசு தந்துகொள்ளும், நீர் தகுதி உடையவர்' என்றுதான் விளம்பரங்கள் பேசுகின்றன. முதலில் நம்மிடம் ஒரு குறை இருப்பதாக நம்பவைத்து, பிறகு அக்குறையைத் தீர்க்கும் பொருளைக் காட்டுகின்றன. இருபத்தெட்டாம் பாசுரத்தில் ஆய்ச்சியரும் தங்கள் குறையைத் தாங்களே சொல்லிக்கொள்ளுகிறார்கள். பசுக்களின் பின்னே திரிந்து காட்டில் உண்ணும் அறிவில்லாக் குலம் நாங்கள் என்கிறார்கள். ஆனால் அக்குறையை நிரப்பக் கடையைத் தேடவில்லை. குறையே இல்லாதவன் ஒருவன் தங்களிடையே வந்து பிறந்தான் என்பதிலேயே அது நிரம்பிப்போயிற்று.

கூரத்தாழ்வான் சரித்திரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. காஞ்சிக்கு அருகே கூரத்தில் பெருஞ்செல்வராக இருந்தவர், அச்செல்வத்தை அப்படியே விட்டுவிட்டு, எம்பெருமானார் திருவடிகளை நோக்கித் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். தேவிகளான ஆண்டாள் உடன் வருகிறாள். இரவில் காட்டு வழி. அவளுக்கு அச்சம் தோன்றி, இவ்வழியில் பயம் உண்டோ என்று கேட்கிறாள். ஆழ்வானோ, கையில் ஏதேனும் இருந்தாலன்றோ பயம், ஏதாவது கொண்டுவந்தாயோ என்று வினவுகிறார். தேவரீர் அமுது செய்தருளும் பொன்வட்டில் ஒன்று கொண்டுவந்தேன் என்கிறாள். அதை வாங்கி எறிந்துவிட்டு, இனி அஞ்சாமல் வா என்று நடந்தார்.

இதைக் கேட்கும்போதெல்லாம் ஆழ்வானின் வைராக்யத்தைக் கொண்டாடுவோம். கொண்டாட வேண்டியதே. நாம் இங்கு கவனிக்க விரும்புவது அந்த அம்மையின் அன்பை. அவள் தனக்கென்று எதையும் எடுத்துவரவில்லை. பழகிய வட்டிலின்றி இவர் எப்படி அமுது செய்வார் என்ற கவலையால் எடுத்துவந்தாள். குடும்பங்களில் பொருள் சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். பேராசையால் வாங்குபவர் சிலரே. பிள்ளைக்கு வேண்டும், பேத்திக்கு வேண்டும், அவர் ஆசைப்படுவார், இவள் வாடிப்போவாள் என்று அன்பின் பெயராலே வாங்குபவர் பலர். வணிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பண்டிகைக்கால விளம்பரங்களில் பொருளைக் காட்டுவதற்கு முன்பு ஒரு பாட்டியையும் ஒரு குழந்தையையும் காட்டுகிறார்கள். அன்பினால் சுமந்ததும் காட்டு வழியில் அச்சத்தைத்தான் தந்தது என்பதை ஆழ்வான் காட்டினார். அவளைக் கடிந்துகொண்டதாக அச்சரித்திரத்தில் இல்லை.

மறுபுறத்தில் இன்னொரு குழி இருக்கிறது. உறையூரில் பிள்ளை உறங்காவில்லி தாஸரும் அவருடைய தேவிகள் பொன்னாச்சியாரும் வாழ்ந்த காலத்தில், எம்பெருமானார் தம் சிஷ்யர்கள் சிலருக்கு ஒரு பாடம் கற்பிக்கத் திருவுள்ளம் பற்றினார். தாஸரைத் தம் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்க வைத்துவிட்டு, பொன்னாச்சியார் உறங்குகையில் அவள் நகைகளைக் கழற்றிவருமாறு அவர்களை ஏவினார். அவர்கள் ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றியபோது அவள் விழித்துக்கொண்டாள். ஸ்ரீவைஷ்ணவர்கள் என்று அறிந்து, மறுபக்கத்து நகைகளையும் கொள்ளட்டும் என்று உறக்கத்தில் புரள்வது போலப் புரண்டு கொடுத்தாள். அவர்கள் அஞ்சி ஓடிப்போனார்கள். தாஸர் வீடு திரும்பி இதைக் கேட்டார். நகை போனதற்கு அவர் வருந்தவில்லை. நீ ஏன் புரண்டாய் என்று வருந்தினார். என் நகை, நான் கொடுக்கிறேன் என்ற நினைவு இருந்ததனால் அன்றோ புரண்டாய், அவன் உடைமையை அவன் அடியார் கொள்ளுகையில் பேசாமல் கிடந்திருக்கலாகாதோ என்றார்.

இவ்வளவு நுண்ணிய இடத்துக்கு நம் பெரியோர்கள் நம்மை அழைத்துச் செல்கிறார்கள். எளிமையாக வாழ்கிறேன், ஒரே வேஷ்டி போதும், கைபேசியே வைத்துக்கொள்வதில்லை என்று ஊரெங்கும் சொல்லித் திரிபவர் புரண்டு படுத்தவரே. சொல்லப்போனால் அவ்வளவுகூட இல்லை. பொன்னாச்சியார் மெய்யாகவே கொடுத்தாள்.

அண்மைக் காலத்தில் இன்னொன்றும் காண்கிறோம். தமக்கு வாங்குவதைக் குறைத்துக்கொண்டு, பெருமாளுக்குத்தானே என்று வாங்கிக் குவிப்பது. கோயிலாழ்வார் கொள்ளாத அளவுக்கு வெள்ளிப் பாத்திரங்கள், இணையத்தில் வரவழைத்த வஸ்த்ரங்கள், ஒரு முறை சாற்றிப் படம் எடுத்தபின் பெட்டிக்குள் போய்விடும் ஆபரணங்கள். பெருமாளுக்குச் செய்ய வேண்டாம் என்று நாம் சொல்லுவோமா? இருபத்தாறாம் பாசுரத்தில் ஆய்ச்சியரே நோன்புக்கு வேண்டிய சங்கு, பறை, விளக்கு, கொடி, விதானம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கேட்டது அவனிடத்தில் என்பது ஒன்று. அவை பயன்பட்டது கோஷ்டிக்கு என்பது மற்றொன்று. இலையோ பூவோ பழமோ நீரோ அன்போடு தந்தால் உண்கிறேன் என்று கீதையில் சொன்னவனுக்குத் தீர்த்தமும் திருத்துழாயும் அன்றாட அமுதுபடியும் இருந்தால் திருவாராதனம் குறைவற நடக்கும். வாங்குவதில் உள்ள சுவைக்குப் பெருமாள் பெயரைச் சூட்டிவிட்டால் அது கைங்கர்யம் ஆகிவிடாது.

எம்பெருமானார் செய்த செலவு ஒன்றைப் பார்க்கலாம். திருமாலிருஞ்சோலை அழகனுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். அதைச் சொல்லளவில் நின்றுவிட விடாமல், பல நூற்றாண்டுகள் கழித்து எம்பெருமானார் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி ஸமர்ப்பித்தார். பின்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றபோது பிராட்டி அவரை அண்ணா என்று அழைத்ததாக நம் பெரியோர் கூறுவர். பிக்ஷை ஏற்று உண்ணும் ஸந்யாஸி இருநூறு தடாவுக்கு ஏற்பாடு செய்தார். ஆடம்பரம் என்று ஒருவரும் சொல்லத் துணியார். தங்கையின் வாக்கு ஒன்று நிறைவேறாமல் கிடந்ததே அவர் கண்ணில் பட்ட குறை.

அமெரிக்காவில் வாழும் பாகவதர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஸ்வாமி, இதெல்லாம் பெரியவர்களுக்குச் சரி. டிசம்பர் மாதம் முழுவதும் பள்ளியில் பரிசு, பரிசு என்று பேச்சு. விடுமுறை முடிந்து போனால் உனக்கு என்ன வந்தது என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். எங்கள் எட்டு வயதுப் பெண் என்ன சொல்லுவாள்?"

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. குழந்தையைத் தோழிகள் முன்னே வெறுங்கையோடு நிறுத்தி அதற்கு வைராக்யம் என்று பெயரிடுவது கொடுமை. அண்டை வீட்டார் தம் பண்டிகையில் அன்போடு தரும் சிறு பொருளை வாங்க மறுக்கச் சொல்லுவதும் மரியாதையன்று. ஆனால் குழந்தையின் கையிலிருந்து ஒன்றை எடுக்கும் முன் மற்றொன்றை வைத்தாக வேண்டும். அந்நாடுகளில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒரு சிறு கதவாகத் திறக்கும் அட்டையைக் குழந்தைகளுக்குத் தருகிறார்கள் என்று அவரே சொன்னார். இருபத்துநான்கு கதவுகளாம். நம் குழந்தைக்கு முப்பது பாசுரங்கள் இருக்கின்றன. நாளைக்கு ஒன்று. ஆறாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்க் கதவைத் தட்டித் தோழியரை எழுப்புகிறாள் ஆண்டாள். அதைவிட நல்ல கதவு அட்டை எங்கே கிடைக்கும்?

அவர் குடும்பத்தார் செய்ததைக் கேட்டு மகிழ்ந்தோம். இருபத்தேழாம் நாள்வரை வீட்டில் இனிப்பு இல்லை, புதுத்துணி இல்லை என்று பெரியவர்கள் தாங்கள் மட்டும் விரதம் எடுத்துக்கொண்டார்கள். குழந்தைக்குக் கட்டாயம் ஏதுமில்லை. மூன்றாம் நாளே நானும் விடுகிறேன் என்று அவளாகவே சாக்லேட்டை விட்டாளாம். வாரம் ஒருமுறை, வாங்காமல் விட்ட பொருளின் விலைக்கு அரிசியும் பருப்பும் வாங்கி, அவ்வூரில் ஏழைகளுக்கு உணவுப்பொருள் வழங்கும் இடத்தில் அவள் கையாலேயே கொடுக்க வைத்தார்கள். இரண்டாம் பாசுரத்தில் நெய்யும் பாலும் விடுவதைச் சொன்ன அதே மூச்சில்தான் கொடுப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. பலரும் முதற்பாதியோடு நிறுத்திவிடுகிறோம். கூடாரவல்லியன்று நெய் ஒழுக அக்காரவடிசில் செய்து, தெருவில் உள்ள மூன்று வீட்டாரை அழைத்து, எல்லோருமாகத் தரையில் அமர்ந்து ப்ரஸாதம் ஸ்வீகரித்தார்கள். வந்தவர்களில் இருவர் மெக்ஸிகோ நாட்டவர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண், முழங்கை வரைக்கும் நெய் வழிந்தது என்று கையை உயர்த்திக் காட்டிச் சொன்னாளாம்.

இருபத்தொன்பதாம் பாசுரத்தை ஒரு வார்த்தை சொல்லி அமைவோம். இருபத்தெட்டு நாள்கள் பறை, பறை என்று கேட்டவர்கள், அவன் பறையை எடுத்துக் கொடுக்கப் புகுந்தபோது, இதற்காகவா வந்தோம் என்கிறார்கள். எத்தனை பிறவி எடுத்தாலும் உன்னோடு உறவும் உனக்கு மட்டுமே அடிமையும் வேண்டும் என்று கேட்டுவிட்டு, எஞ்சிய ஆசைகளை நீயே மாற்று என்று அவன் தலையில் சுமத்துகிறார்கள். நோன்பு நோற்றுப் புலனடக்கம் பழகியவர்கள், எங்கள் ஆசைகளை நாங்களே வென்றுவிட்டோம் என்று சொல்லவில்லை. நெய்யை விட முடிந்தவர்களுக்கும் ஆசையை விடுவது தங்கள் கையில் இல்லை என்று தெரிந்திருந்தது. அதையும் அவனிடமே கேட்டுப் பெற வேண்டியிருந்தது. தை பிறந்ததும் மறுபடியும் கடைவீதி வழியாகத்தானே நாம் எல்லோரும் நடக்க வேண்டும்.